முப்பத்தைந்து மயில்: ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

தாளாளர் ஐயா அவர்களுக்கும் முதல்வர் அம்மா அவர்களுக்கும்,

என் பேத்தி உங்கள் பள்ளியில் யூ.கே.ஜி. படிக்கிறாள். போன மாதம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடாக இருந்த 'ஃப்ரீ டிராயிங்' இனிமேல் கிடையாது. அதற்குப் பதிலாக எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் 'ஆர்ட் கிட்'. விலை 1,450 ரூபாய். வருடத்துக்கு 24 வேலை, எல்லாம் முன்பே வெட்டி, எண் போட்டு, உறையில் போட்டு வரும். முடித்ததைக் கண்காட்சியில் வைப்பீர்கள். கடைசியில் ஒரு வரி: "குழந்தைகளின் படைப்பாற்றலை முறைப்படுத்தும் முயற்சி."

அந்த வரியைப் படித்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு முறை நேரில் வந்தேன். முதல் முறை "பார்க்கிறோம் சார்" என்றீர்கள். இரண்டாம் முறை உங்களைப் பார்க்கவே முடியவில்லை. கிட் வந்து இறங்கிவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. இது உங்கள் பள்ளியில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்து, 31 வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் எனக்கு இன்றைக்கும் 'டிராயிங் சார்' என்றுதான் பெயர். இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை. கீழே சொல்லப்போகிற தப்புகளில் பாதி நானே செய்தவை.

போன வருடம் ஜனவரியிலிருந்து இந்த கிட்டை எல்.கே.ஜி.யில் சோதனை முறையில் கொடுத்தீர்கள் அல்லவா, அதன் முடிவை ஆண்டுவிழாக் கண்காட்சியில் பார்த்தேன். சுவர் முழுக்க மயில். முப்பத்தைந்து மயில். ஒவ்வொன்றுக்கும் கழுத்து ஒரே வளைவு, தோகையில் ஒன்பது இறகு, கண்ணுக்குக் கறுப்புப் பொட்டு. ஒன்றில்கூடப் பசை வழியவில்லை, ஒரு இறகுகூடக் கோணவில்லை. நாலு வயதுக் குழந்தைகள் ஒட்டியது என்று கீழே எழுதியிருந்தது.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு, "உன் மயில் எதும்மா?" என்று கேட்டேன். ஒரு முறை சுவரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "பின்னாடி பேர் எழுதிருக்கும் தாத்தா, திருப்பிப் பாருங்க" என்றாள்.

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், ஷூ ரேக்கில் தன் ஷூவைத் தேடச் சொல்வது போல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாலு வயதுப் பிள்ளை தான் போட்ட கிறுக்கலைப் பத்து கிறுக்கலுக்கு நடுவில் வைத்தாலும் "இது என்னுது" என்று பிடுங்கிக்கொண்டு ஓடும். முப்பத்தொரு வருட வேலையிலும், வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்ததிலும் நான் பார்த்தது அதுதான். தன் கைவேலையை அடையாளம் காட்ட எழுத்து தேவைப்பட்ட குழந்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. குழந்தைகள் ஒட்டிய மயில்களில் பாதிக்குமேல் கோணலாக இருந்ததால், மிஸ்மார்கள் முதல் நாள் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். எந்த மிஸ் சொன்னார் என்று தேட வேண்டாம். எல்லா வகுப்பிலும் அதே கதைதான். அவர்களைக் குறை சொல்லவும் இல்லை. கோணல் மயிலைச் சுவரில் மாட்டினால் பெற்றோர் என்ன கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், நீங்கள் என்ன கேட்பீர்கள் என்றும் தெரியும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரிடம் வேண்டுமானாலும் ஒரு தாளைக் கொடுத்து 'இயற்கைக் காட்சி வரை' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு காக்கா. நான் அதைக் கரும்பலகையில் எத்தனை நூறு முறை போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நான் வேலை பார்த்ததோ காவிரி டெல்டாவில். இங்கே எந்தத் திசையில் திரும்பினாலும் கண்ணுக்கு எட்டின தூரம் வயல்தான். பக்கத்தில் இருக்கிற சுவாமிமலைகூடக் கட்டுமலை. அறுபது படி ஏறினால் சந்நிதி வந்துவிடும். மலையையே பார்க்காத பிள்ளைகள் வருஷா வருஷம் எனக்காக மலை வரைந்தார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் மட்டும் மலை போடவில்லை. தாள் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு அறுவடை மெஷினை வரைந்திருந்தான். முன்னால் பற்கள் வைத்த உருளை, மேலே டிரைவர், வரப்பில் அவன் அம்மா சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். சும்மா என்றால், அவள் கையில் அரிவாள் இருந்தது, ஆனால் கீழே தொங்கவிட்டிருந்தாள். நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. "மலை எங்கடா?" என்றேன். "நம்ம ஊர்ல மலை இல்லையே சார்" என்றான். பத்துக்கு நாலு போட்டேன். அவன் ரப்பரை எடுத்து மெஷினின் மேல்பாதியை அழித்துவிட்டு, பின்னால் இரண்டு மலை போட்டுக் கொண்டுவந்தான். ஏழாக்கினேன்.

மெஷின் வந்த பிறகு அந்தத் தெருப் பெண்களுக்கு அறுப்புக் கூலி போனதை அந்தப் பையன் ஒரே தாளில் வைத்திருந்தான் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. அதற்குள் அவன் பத்தாவது முடித்துப் போய்விட்டான். நான் கரும்பலகையில் போட்ட மலைதான் உங்கள் கிட். என்ன, என்னுடையதில் பிள்ளைகள் வரையவாவது செய்தார்கள்.

சரி, பேத்தியிடம் வருகிறேன். இரண்டு வருடமாக அவள் வரைவதைப் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில்தான் வரைவாள். வழுவழுப்பாக இருக்கும், இடமும் தாராளம். கிட் வருவதற்கு முன்னால் போட்ட ஒரு படம் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவளும் அவள் அப்பாயியும் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்ட கதை. அப்பாயி காலண்டர் உயரத்துக்கு இருக்கிறாள். பஸ் தீப்பெட்டி அளவு. இவள் அப்பாயியின் முழங்காலுக்குக் கீழே, வாய் மட்டும் பெரிசாக. அப்பாயி கையில் ஒரு பை. பைக்குள்ளே மூன்று கத்தரிக்காய், ஒரு தேங்காய், எல்லாம் வெளியே தெரிகிறது.

அந்தப் படத்தை அவள் ஆசையாக வகுப்புக்கு எடுத்துப்போனாள். சிவப்பு மையில் இரண்டு திருத்தத்தோடு திரும்பி வந்தது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் 'பிக்' என்றும், கத்தரிக்காய்மேல் ஒரு பெருக்கல் குறியும். "பைக்குள்ள இருக்கறது வெளிய தெரியாதாம் தாத்தா."

தெரியாதுதான். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அந்த வயதில் குழந்தை கண்ணுக்குத் தெரிகிறதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பைக்குள் கத்தரிக்காய் இருப்பது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பொறுக்கிப் போட்டதே அவள்தான். பஸ் சின்னதாக இருப்பது அது போய்விட்டதால். அப்பாயி பெரிதாக இருப்பது அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதால். குழந்தைகளின் படங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற இந்த மாதிரிப் படத்துக்கு எக்ஸ்-ரே படம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் போடுகின்றன. ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க அம்மாள் லட்சக்கணக்கான குழந்தைப் படங்களைச் சேர்த்துப் பார்த்தவர். வெறும் கிறுக்கலிலேயே இருபது அடிப்படை வகை இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். கிறுக்கல், அப்புறம் வட்டம், வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டுச் சூரியன், அந்தச் சூரியனுக்கே இரண்டு கால் வைத்து மனுஷன் என்று குழந்தை ஒவ்வொரு படியாகத் தானே ஏறுகிறது. நடுவில் நாம் ஒரு தயார் மயிலைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்தப் படி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போகிறது.

கிட்டுக்குப் பிறகு வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் அவள் காலண்டர் தாளைத் தொடவில்லை. நானே எடுத்துக் கொடுத்தால், "எதைப் பாத்து வரையணும் தாத்தா?" என்று கேட்பாள். எதையும் பார்க்க வேண்டாம், உனக்குத் தோன்றுகிறதை வரை என்றால், "நீங்க போட்டுக் குடுங்க, நான் கலர் அடிக்கிறேன்." ஒரு நாள் யானை போட ஆரம்பித்துவிட்டு, "தப்பா வந்துருச்சு" என்று தாளைக் கசக்கினாள். வீட்டில் 'தப்பு' என்ற சொல்லை வரைகிற விஷயத்தில் யாரும் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு குழந்தையை வைத்துச் சட்டம் போடாதீர்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். 2011-ல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். எலிசபெத் பொனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலானோர் செய்தது. பள்ளிக்குப் போகிற வயதுகூட ஆகாத பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் கண்டுபிடிக்கப் பல விஷயங்கள் இருந்தன. ஒரு கூட்டத்துக்கு மட்டும், "இது இப்படித்தான் வேலை செய்யும், பார்" என்று ஒரு குழாயை இழுத்துக் கீச்சென்று சத்தம் வருவதைக் காட்டிக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அப்படிப் பாடம் எடுக்கவில்லை. காட்டிக் கொடுத்த பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். மீதியைத் தேடியது குறைவு. மற்றவர்கள் கூடுதல் நேரம் விளையாடி, கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். டீச்சர் காட்டினால் அதோடு முடிந்தது, வேறெதுவும் இருக்காது என்று பிள்ளை நம்பிவிடுகிறது. நம் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு கொடுக்கிற வயது அது. அதனால்தான் அந்த வயதில் நாம் வாயை அடக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் அன்றைக்கு நேரில் சொன்ன காரணங்களை நான் மறக்கவில்லை. கையசைவு சீராகும், எழுத்து நன்றாக வரும் என்றீர்கள். வெட்டி வந்த துண்டை எடுத்து, எண் போட்ட இடத்தில் வைப்பதற்குக் கையில் என்ன வேலை? கத்தரிக்கோலைக் கொடுங்கள். மொட்டை முனைக் கத்தரி பத்திரமானதுதான். வளைவில் வெட்டும்போது தாளைப் பிடித்த இடது கை திரும்ப வேண்டும், வலது கை அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒன்று பிடிபடவே ஒரு குழந்தைக்கு வாரக்கணக்கில் ஆகும். கையசைவு என்றால் அது. உங்கள் கிட்டில் அந்த வேலையை ஏதோ ஒரு ஊர் மெஷின் செய்துவிட்டது.

35 பிள்ளைக்கு ஒரு மிஸ், கலரைக் கொட்டிவிடுவார்கள், யூனிஃபார்ம் பாழாகும் என்றீர்கள். இது உண்மையான கஷ்டம், இதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. தண்ணீர்க் கலரை 35 பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் நான்கூடத் தப்பி ஓடிவிடுவேன். ஆனால் எட்டு ஒன்பது பேராகப் பிரித்து ஒரு மூலையில் களிமண், ஒரு மூலையில் கத்தரியும் செய்தித்தாளும், ஒரு மூலையில் சுண்ணக்கட்டியும் தரையும், ஒரு மூலையில் மட்டும் கலர் என்று சுற்றுக்கு விட்டால் சமாளிக்கலாம். ஒரு ஆயாம்மா கூட இருந்தால் போதும். அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கமாகப் போட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டால் யூனிஃபார்ம் தப்பிக்கும்.

பெற்றோர் 'ஃபினிஷிங்' கேட்கிறார்கள் என்றீர்கள். கேட்கிறார்கள், என் மகனும் கேட்டான். அவர்களுக்கு வேறு எதையும் நீங்கள் காட்டியதில்லையே. பஸ்ஸைத் தவறவிட்ட படத்துக்குக் கீழே, அதைப் பற்றி அவள் வாயால் சொன்னதை அப்படியே இரண்டு வரி எழுதி மாட்டியிருந்தால் என் மகன் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டான்.

நான் கட்டுப்பாடே கூடாது என்கிற ஆள் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஃப்ரீ டிராயிங் என்று சொல்லிப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துவிட்டு மிஸ் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்ததும் உங்கள் பள்ளியில்தான் நடந்தது. அதைச் சுதந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். நான் படித்தது லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதி, குடத்தையும் செங்கல்லையும் முன்னால் வைத்து மணிக்கணக்கில் கோடு போட்ட படிப்பு. அந்தக் கோடுதான் எனக்குச் சோறு போட்டது.

மார்கழியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பாருங்கள். அப்பாயி பேத்திக்குப் புள்ளிக்கோலம் சொல்லித் தருகிறாள். ஊடுபுள்ளி, ஐந்தில் ஆரம்பித்து மூன்றில் முடிய. கோலத்தைப் போலக் கறாரான கட்டு எதில் இருக்கிறது? ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கோடு போய் முட்டாது. ஆனால் அப்பாயி அவள் விரலைப் பிடித்துப் போட்டுவிடுவதில்லை. புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுப்பாள், மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எப்படி நழுவவிடுவது என்று காட்டுவாள், பிறகு பால் வாங்கப் போய்விடுவாள். கோடு எங்கே போய்த் திரும்புவது என்பது இவள் பாடு. கோணினால் காலால் தேய்த்துவிட்டு மறுபடி போடுவாள். ஓரத்தில் மிச்சமிருக்கிற மாவில் ஒரு நாய்க்குட்டி போடுவாள், அதை யாரும் அழிக்கச் சொல்வதில்லை. பத்து மணிக்கெல்லாம் மிதிபட்டு எல்லாம் போய்விடும், நாளைக்கு வேறு. கோலத்தில் விதியை மட்டும் கொடுத்துவிட்டு யோசனையைக் குழந்தையிடம் விடுகிறோம். உங்கள் கிட்டில் யோசனையும் உறைக்குள் வந்துவிடுகிறது.

நம் ஊர் ஸ்தபதிகள் வேலையே அளவு வேலைதானே என்றும் நீங்கள் கேட்டீர்கள், நல்ல கேள்வி. சுவாமிமலையில் சிலைக்கு உயரம் எடுக்கத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தாளம் என்கிற சிற்ப அளவுகளாகப் பிரிப்பார்கள், அந்த ஓலையை ஒடியோலை என்பார்கள். அந்த மடிப்பில் மயிரிழை பிசகக் கூடாது. ஆனால் ஒரு பட்டறையில் நான் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பையன், ஐந்து வயசு இருக்கும், மூலையில் மிச்ச மெழுகை உருட்டிப் பாம்பும் லாரியும் செய்துகொண்டிருந்தான். மெழுகு எந்தச் சூட்டில் வளையும், எப்போது உடையும் என்று அவன் விரலுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஓலை அவன் கைக்கு வர இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது. அவசரப்பட்டு யாரும் கொடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு வயது இருக்கிறது. ஒன்பது, பத்து வயதில் குழந்தை தானாகவே வந்து, "சார், நான் போட்ட வீடு தட்டையா இருக்கு, நிஜ வீடு மாதிரி வரமாட்டேங்குது" என்று கேட்கும். குழந்தை ஓவிய வளர்ச்சியைப் பற்றி 1947-ல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட் இந்த வயதைத்தான் உண்மை போல வரைய ஆசை பிறக்கிற கட்டம் என்று பிரித்தார். அப்போது கோணம், நிழல், தூரத்தில் சிறிதாவது எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்போது சொல்லிக்கொடுக்காமல் விட்டால், எனக்கு வரைய வராது என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடும். உங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஓவியப் பீரியடே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தேவையில்லாத வயதில் 24 வேலை, தேவைப்படுகிற வயதில் ஒன்றும் இல்லை. கலைக் கல்வி பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சொல்லிவிட்டது.

அரசுப் பள்ளியில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாவற்றுக்குமாக 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். அதில் வந்த பிள்ளைகள் பலர் என்னிடம் பழகியவர்கள், அந்தச் சம்பளத்தில் அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தச் சண்டை வேறு. அதற்கு வேறு மடல் எழுதியிருக்கிறேன். இப்போது உங்களிடம் கேட்பதில் பெரும்பாலானவை காசு செலவில்லாத காரியம். சொல்லப்போனால் 1,450 ரூபாய் மிச்சம்.

நான் கேட்பது இவைதான்.

வெள்ளிக்கிழமைப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் வகுப்பு வரை வாரத்தில் ஒரு மணி நேரமாவது, மாதிரிப் படம் முன்னால் வைக்காமல், குழந்தை தானே முடிவு செய்து செய்கிற வேலைக்கு வேண்டும். அந்த நேரத்தில் மிஸ் நோட்டுத் திருத்தக் கூடாது. கருவியைப் பழக்க வேண்டும். இரண்டு துண்டுக் களிமண்ணை ஒட்ட வேண்டுமானால் இரண்டையும் கீறி, களிக்குழம்பு தடவி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் யானைத் தும்பிக்கை கழன்று விழும். இதைச் சொல்லிக்கொடுங்கள். யானை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். போன சதுர்த்திக்குப் பேத்தி பிடித்த பிள்ளையாருக்குக் காது தொங்கிப்போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை நமக்குத்தான் கேலி. அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அதை நாயாக்கி, பிள்ளையாருக்கு வாங்கின குடையை அதற்கே வைத்துவிட்டாள்.

குழந்தையின் படத்தில் சிவப்பு மை கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். மிஸ்மார்கள் இரவில் உட்கார்ந்து ஒட்டித் திருத்துவதையும் அதே உத்தரவில் நிறுத்துங்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. மாதாமாதம் 'பெஸ்ட் ஆர்ட்டிஸ்ட்' ஸ்டார் கொடுப்பதை இரண்டாம் வகுப்பு வரையாவது விடுங்கள். பரிசு கிடைக்கும் என்று முன்பே சொல்லி வரையவைத்த மழலையர் வகுப்புப் பிள்ளைகள், பிற்பாடு யாரும் சொல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள் என்று 1973-லேயே அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

வாங்கிவிட்ட கிட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உறையைப் பிரித்து, விளக்கத் தாளையும் எண் போட்ட அட்டையையும் மட்டும் எடுத்துவிட்டு, துண்டுகளை எல்லாம் ஒரே பெட்டியில் கொட்டிப் பிள்ளைகள் நடுவில் வையுங்கள். மயில் இறகு எதெதற்கெல்லாம் ஆகிறது என்று பாருங்கள். அடுத்த வருடத்துக்கு ஆர்டர் போடுவதற்கு முன் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். இந்த வருடமும் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் பணம் கட்டட்டும். கட்டாதவர் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்கக் கூடாது.

ஆறாம் வகுப்புக்கு மேல் ஒரு ஓவிய ஆசிரியரை முழு நேரமாக எடுங்கள். படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் பேனர் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் தெரியவில்லை என்றால் நான் சொல்கிறேன்.

அடுத்த கண்காட்சியில் ஒரு சுவரையாவது திருத்தாத படங்களுக்கு ஒதுக்குங்கள், கீழே குழந்தை சொன்ன வார்த்தையோடு. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பெற்றோருக்கு விளக்கம் சொல்ல நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியங்களிலும் எனக்கு வேலை இல்லை. அரசலாற்றங்கரைக் குயவர் வீட்டில் களிமண்ணுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு மூட்டை. எப்போது கொண்டுவந்து இறக்கலாம் என்று மட்டும் இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் யூ.கே.ஜி. மாணவி ஒருத்தியின் தாத்தா,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்